அப்பா காலில் உப்பு பார்த்தது

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் பெரிய செய்தி இல்லை. கஷாயம் குடித்துவிட்டு மறுநாளே பாத்தியில் இறங்கிவிடுவார். இதுவும் ஐந்தாம் நாள் விட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் இருமல், எழுந்தால் படபடப்பு.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். காய்ச்சல் கிருமி இதயத்துச் சதையில் இறங்கி அதை வீங்க வைத்துவிட்டது என்றார் டாக்டர். அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாதாம். சதை தானாக ஆற வேண்டும். அதுவரை நெஞ்சுக்கு வேலை கொடுக்கக் கூடாது. இதயத்துக்கு ஒரு மாத்திரை, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, மூன்று மாதம் கட்டில். சாப்பாட்டில் உப்பு கூடவே கூடாது. உப்பளத்துக்காரருக்கு உப்பில்லாக் கஞ்சி! அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவின் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். விடியலில் போய் மதியம் வருவாள். வந்த கையோடு குடிதண்ணீருக்கு வெகுதூரம் நடந்து சாயங்காலம்தான் திரும்புவாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள்.

"தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா கால் உப்புதான்னு பாத்து எங்கிட்ட சொல்லணும். மறந்துடாத."

கால் வீங்கி உப்புகிறதா என்பது அம்மாவின் கேள்வி. நீர் கோத்துக் கால் உப்பினால் இதயம் தடுமாறுகிறது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். என் காதில் விழுந்தது வெறும் உப்பு. சாப்பாட்டிலேயே ஆகாத உப்பு காலில் இருந்தால் மட்டும் ஆகுமா? எனக்கு அது நியாயமாகவே பட்டது. தினமும் அப்பாவின் கணுக்காலை விரலால் ஒரு தேய் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வியர்வை உப்பு வேறு, அளத்து உப்பு வேறு. அது தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது.

"இன்னாடி பண்ற?" என்பார் அப்பா.

"அம்மா பாக்கச் சொல்லுச்சு."

அம்மா தண்ணீர்க் குடத்தோடு திரும்பியதும் "உப்பில்லம்மா" என்பேன். அவள் காதில் அது "உப்பலம்மா" என்று விழுந்திருக்க வேண்டும். நிம்மதியாக அடுப்பு மூட்டப் போய்விடுவாள்.

இரண்டாவது மாதத்தில் ஒரு சாயங்காலம் அப்பா கட்டிலில் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. நக்கிப் பார்க்கத் தேவையே இல்லை, கடமைக்கு நக்கினேன். அம்மா தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து நாலு நாளாக அளத்துக்குப் போய் வந்திருக்கிறார். மற்ற நாட்களில் நான் வருவதற்குள் கால் கழுவிவிடுவாராம். அன்று குனிவதற்கு மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு," என்றார்.

நான் தெருவிலேயே ஓடிப்போய் அம்மாவை மறித்துக் கத்தினேன். "இன்னைக்கு உப்புதாம்மா!"

அம்மா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பாவின் காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது. உப்புக்கு அடியில் கால் உண்மையிலேயே உப்பியிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போனோம்.

"இன்னைக்கே வந்தீங்க, பொழச்சாரு. யாரு பாத்தது?" என்றார் டாக்டர். அம்மா என்னை முன்னால் தள்ளினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அப்பா காலில் ஒட்டியிருந்த உப்பைக் காட்டி, "படுத்திருக்கச் சொன்னா ஏம்பா அளத்துக்குப் போன?" என்று சத்தம் போட்டார்.

"சும்மா படுத்திருக்க முடியல சார்."

அதை நான் அப்படியே நம்பினேன். என்ன அடங்காத மனிதர் என்று கோபம்கூட வந்தது. ஊசி போட்டு, ஒரு மாதம் அங்கேயே கட்டிலில் அடக்கி வைத்ததில் அப்பா தேறினார். என் கல்யாணம் வரைக்கும் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் அப்பாவை வார்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் ஊருக்கு பஸ் ஏறினோம். அம்மா செருப்பைக் கழற்றி ஒரு பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. குதிகாலில் உப்புத்தண்ணீர் அரித்த புண்.

"நாலு நாளா காலையில போனா என் பாத்தியில பாதி உப்ப யாரோ வாரி வெச்சிருந்தாங்கடி," என்றாள். "மேஸ்திரி ஆளு வெச்சிருக்காருன்னு நெனச்சிட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்பா நம்மள ஏமாத்திட்டுப் போனதுக்கா அழுவுற?" என்று அவள் தோளைத் தட்டினேன். "அதான் நான் கண்டுபிடிச்சிட்டேன்ல?"