சில்வர் பெயிண்ட்

ஆயுதபூசையன்று எங்கள் டீசல் பிக்கப்பின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் வெகுநேரம் நசுங்கவே இல்லை. மாமா சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது, அதோடு சரி.

பின்னால் கூடை கூடையாகத் திராட்சை. மத்தியானத்துக்குள் குமுளி போய்ச் சேராவிட்டால் வெயிலில் சாறு விட்டுவிடும். லோடோடு ஏற்றத்தில் நின்றதால் தள்ளவும் வழியில்லை.

"ராத்திரி லைட்ட அணைக்காம விட்டிருப்ப. இன்னைக்கு வண்டி கிளம்பலன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு மாப்ள" என்றார் அப்பா. அம்மாவின் தம்பி என்ற சலுகையெல்லாம் மாமாவுக்கு வீட்டோடு சரி, வண்டியில் கிடையாது.

பேட்டரி முனைகளில் அம்மா அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். டிக். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். டிக்.

"அப்ப பேட்டரி இல்ல, கேபிளு. கரண்டு தடுக்குற இடம் சுடும். மருமகனே, நான் சாவியத் திருப்புறேன், நீ கேபிளத் தடவிக்கிட்டே போ" என்றார் மாமா.

எர்த் கேபிள் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் சேரும் போல்ட்டில் என் கை சுட்டது. சுட்டதுமே புரிந்துவிட்டது. முந்தின நாள் மாமா அந்தக் கேபிளைக் கழற்றி வைத்து, "அந்த இடத்த விட்டுட்டு அடி, பெயிண்டு கரண்ட விடாது" என்று சொல்லித்தான் என்னிடம் சில்வர் பெயிண்டைக் கொடுத்திருந்தார். பூசைக்கு வண்டி பளபளக்கட்டும் என்று அந்த இடத்தையும் பூசி, கேபிளைத் திரும்ப மாட்டியவன் நான். மாமா வந்து போல்ட்டை இறுக்கியதோடு சரி.

"மாமா, இங்கன சுடுது!" என்று கத்தினேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமா போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். தாளில் வெள்ளித்தூள் படிந்தது.

"என்னவாம்?"

"துரு மச்சான். நாந்தான் பாக்காம விட்டுட்டேன்."

"துருவப் பாக்காதவன் என்னய்யா டிரைவரு!"

மாமா போல்ட்டை முறுக்கினார். அடுத்த திருப்பில் எஞ்சின் முழங்கியது. நான்கு பழங்களும் பட்டென்று நசுங்கின. அப்பா என்னைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். கூடலூர் வரை, வழியில் நின்ற ஜீப்காரர்களிடமெல்லாம் "கண்டுபிடிச்சது எங்க மெக்கானிக்கு!" என்று மாமா ஹாரன் அடித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். மலை ஏறும்போது வண்டியை நானே இழுத்துப்போவதாக நினைத்துக்கொண்டேன்.

அப்பா சாகும்வரை அந்தத் துருவைச் சொல்லியே மாமாவைக் குத்திக்கொண்டிருந்தார். நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

அன்று குமுளிக்குள் நுழையுமுன் மாமா மண்ணெண்ணெய் நனைத்த துணியை என்னிடம் நீட்டி, "நகத்தத் தொடச்சுக்க மருமகனே, திராட்சை திங்கணும்ல" என்றார். திராட்சைக்காகத்தான் சொல்கிறார் என்று நம்பி, நகக்கண்களில் மினுங்கிய வெள்ளியைத் துடைத்துவிட்டு, அவர் கொடுத்த கொத்தை ஒரு பழம் மிச்சமில்லாமல் தின்றேன்.