கட்டில் உயரத்துச் சன்னல்

விழுப்புரத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் நேரே என்னிடம் வந்தார். "பெரியவரே, உங்க டாக்டரம்மா மெட்ராஸ் ஆஸ்பத்திரில காலைல போய்ட்டாங்க. திண்டிவனத்துல இருக்கற புள்ளைங்களுக்கு இன்னும் சொல்லலியாம்." சரி என்றேன். அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன். இன்றுவரை அழுகை வரவில்லை.

டாக்டர் சுகிர்தம் அம்மாவை அறிந்த உங்களுக்கு, திண்டிவனத்தில் அவர் கட்டிய வீட்டையும் தெரியும். மனம் கலங்கிய ஏழைப் பிள்ளைகள் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் வீடு. நான் கைநாட்டு. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், அம்மாவின் நினைவு மலருக்காக எழுதிக்கொள்கிறார்கள்.

கட்டுவதற்கு முன் எங்களைப் போன்ற தகப்பன்மாரைக் கூப்பிட்டு, அறை எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டார். பலமான கதவு, வெளியே பூட்டு என்றோம். "உங்களுக்கா கட்றேன்?" என்று சிரித்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனார்.

என் கடைசி மகன் ஏழுமலைக்கு அப்போது பதினெட்டு வயது. சோறு தின்றுகொண்டிருந்தவனை ஊரார் பின்னாலிருந்து பிடித்துச் சங்கிலி போட்டார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை, படுக்கை இல்லை. சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தே இருப்பான். பிள்ளை உயிரோடு மிஞ்சமாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா அவன் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டார். வெகுநேரம் கழித்துச் சொன்னான்: "யாரு வர்றாங்கன்னு தெரியணும்."

படுத்தபடியே பாதையைப் பார்க்கும்படி, ஒவ்வொரு கட்டிலருகிலும் தாழ்வாகச் சன்னல் வைக்கச் சொன்னார் அம்மா. மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

"இவ்ளோ கீழ வெச்சா ஆடு தலைய நீட்டும்மா."

"நீட்டட்டுமே. ஆடு வருதுன்னு அவனுக்குத் தெரியுமில்ல?"

"அப்ப ஆட்டுக்கும் ஒரு கட்டில் போட்டுருங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். குடிவந்த அன்று மத்தியானமே ஏழுமலை காலை நீட்டித் தூங்கினான்.

ஒரு மழை நாளில் நான் பின்பக்கச் சமையற்கட்டு வழியாக நுழையப் போனேன். அம்மா மறித்தார். "சுத்தி வாங்க. அவன் உங்கள மொதல்ல பாக்கட்டும்." அவரும் நனைந்துகொண்டே என்னோடு சுற்றி வந்தார்.

கண்டக்டர் சொன்ன அன்றே, மகனிடம் நானே சொல்லிவிடலாம் என்று திண்டிவனம் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. வாசலை மிதிக்குமுன் சன்னலிலிருந்து குரல் வந்தது.

"நைனா, டாக்டரம்மா போய்ட்டாங்களா?"

"யாருடா சொன்னது?"

"நீ நடந்து வர்றத பாத்துக்கினுதான இருக்கேன்."

அம்மாவிடமிருந்து எனக்குத் தங்கியது ஒன்றுதான். இப்போது யாரிடம் போனாலும், கட்டியிருக்கும் மாட்டிடம் போனாலும்கூட, சுற்றிக்கொண்டு எதிரில்தான் போகிறேன்.