தயிருக்குப் பக்கத்தில் பெப்டைட்

இன்று காலை தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், பக்கத்தில் ஒரு சின்ன மருந்துக் குப்பி. முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள என் வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கிய பெப்டைட்.

"மத்தவன் விக்கிறதுல பாதி வெலதான். தொண்ணூத்தொம்பது பர்சன்ட் சுத்தம்னு டெஸ்ட் ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கான்."

"அது இந்தக் குப்பிய டெஸ்ட் பண்ண ரிப்போர்ட்டாங்க?"

அவர் பூட்ஸை மாட்டத் தொடங்கினார்.

லேபிளில் அரசாங்கப் பதிவு எண்ணும் இல்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்றுதான் இருந்தது; படித்துக் காட்டினேன்.

"அது கஸ்டம்ஸுக்காகப் போடுறது லா" என்றபடி வேலைக்குக் கிளம்பினார்.

இங்கே மலேசியாவில், அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இவர். பதிவு எண் இல்லாத களைக்கொல்லியை ஆட்களைத் தொடக்கூட விடமாட்டார்.

குப்பியை ஒளித்துவிட்டேன். புல்லுக்குப் பார்க்கிற லேபிளை முழங்காலுக்கும் பார்க்கவைப்பது எப்படி? சீக்கிரம் சொல்லுங்கள், வேலை விட்டதும் ஊசியோடு வருவார்.