மேலிருந்து பார்த்த படம்

கல்லூரியில் என் இயற்பியல் வகுப்புக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. மேடம் ஒரு படம் போட்டால் போதும், கணக்கு தானாக வந்துவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். போன வருடம் ஒரு மாணவி என் வகுப்பைக் கைப்பேசியில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. கோணங்களை நினைவூட்ட நான் எடுக்கும், கோபுரத்தின் உயரம் கேட்கும் பள்ளிக் கணக்கில் ஆளைத் தரையில் நிறுத்துவதில்லை. உச்சியில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து கீழே பார்க்கச் சொல்வேன். இந்த யோசனை எப்படி வந்தது மேடம் என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். மழுப்புவதில் எனக்குப் பழக்கம் உண்டு. பதினைந்து வயதில் ஆரம்பித்தது.

யோசனை என்னுடையதல்ல. ஜமுனாமரத்தூரில் பத்தாம் வகுப்பு படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடையது.

எங்கள் ஊர் அமிர்திப் பக்கம், மலை அடிவாரம். அம்மா செவிலியர். மாற்றலாகி மலைமேல் வந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தோழிகளையும் டியூஷனையும் வேலூர் பஸ்ஸையும் விட்டுவிட்டு இந்தப் பனியில் வந்து நடுங்க வேண்டுமா என்று ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளியிலும் யாரிடமும் ஒட்டவில்லை. கீழிருந்து வந்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அந்தத் திமிரைக் கண்டுகொள்ளாமல் பேசியவள் அவள் ஒருத்திதான். காட்டுவழியே இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய குக்கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் சாமை நிலமும் சில புளிய மரங்களும் இருந்தன.

நான் மனப்பாடப் புலி. சூத்திரம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அவளுக்குச் சூத்திரம் நிற்காது. கணக்கை ஒரு தடவை படிப்பாள், புத்தகத்தை மூடுவாள், ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்துவிடுவாள்.

"மொதல்ல நாம எங்க நிக்கறோம்னு தெரியணும். அப்புறம் தான் மத்ததெல்லாம்" என்பாள்.

சாய்தளத்தில் ஒரு பெட்டி என்று இயற்பியல் புத்தகம் சொன்னால், அவள் படத்தில் மலைப்பாதை வரும், மூட்டை ஏற்றிய ஜீப் வரும். இறக்கத்தில் ஜீப் வழுக்காமல் நிற்பதற்குப் பின்சக்கரத்தில் கல் வைப்பார்கள் அல்லவா, அந்தக் கல்லையும் போடுவாள். கல் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஓர் அம்பு. மூட்டையின் கனத்துக்குக் கீழ்நோக்கி நீளமாக ஓர் அம்பு. அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சட்டென்று விளங்கும், விசையைப் பிரிப்பது என்று ஆசிரியர் இரண்டு வாரமாகத் தொண்டை வறளக் கத்தியது இதைத்தானா என்று. விளங்கியதும் அதற்குரிய புத்தக வாக்கியத்தை நான் சொல்வேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். படம் அவளுடையது, வார்த்தை என்னுடையது என்று எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உயரங்களும் தூரங்களும் பாடத்தில் ஒரு கணக்கைக் கொண்டுபோனேன். தரையில் நிற்கும் ஒருவர் கோபுர உச்சியை முப்பது டிகிரி ஏற்றக்கோணத்தில் பார்க்கிறார். கோபுரத்தை நோக்கி இருபது மீட்டர் நடந்தபின் பார்த்தால் அறுபது டிகிரி. உயரம் என்ன? புத்தகத்தில் இதற்கு எக்ஸ், ஒய் என்று ஒரு பக்கம் ஓடும்.

அவள் கோபுரத்தைப் போட்டாள். அதன் உச்சியில் இரட்டைச் சடையோடு ஒரு பெண்ணைப் போட்டாள்.

"ஏய், ஆளு கீழ தான நிக்கறாரு" என்றேன்.

"கீழ நின்னா இன்னா தெரியும்? மேல நில்லு. நேரா பாக்கற இல்ல, அதுலேர்ந்து கண்ண முப்பது எறக்குனா தூரத்துல நிக்கறவரு தெரிவாரு. இன்னொரு முப்பது எறக்குனா கிட்ட வந்துட்டவரு. அவ்ளோ தான்."

அந்த இன்னொரு முப்பது அத்தனை நாளும் என் கண்ணில் பட்டதே இல்லை. அது தெரிந்ததும் ஒரு முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் சமமாகிவிட்டன, இரண்டு பக்கங்கள் சமமாகிவிட்டன. நடந்த இருபது மீட்டர்தான் கிட்டத்து ஆளிடமிருந்து உச்சி வரைக்குமான சாய்வு. மீதி ஒரே வரி. எனக்குப் புல்லரித்தது. அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்குச் சாதகமாக ஏதாவது நினைவுக்கு வந்தால் இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.

அரையாண்டுத் தேர்வில் அதே கணக்கு வந்தது. இருவரும் எழுதினோம். நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, அவளும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்ணில் கண்டதை நினைவிலிருந்து போட்டேன். தேர்வறையில் அவள் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, ஆனால் அப்படித்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தத் தேர்வுக்கு வழக்கத்தைவிடக் கனம் அதிகம். எங்கள் பள்ளியில் அப்போது பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு கிடையாது. கீழே ஒரு பள்ளியில், விடுதியோடு, எங்கள் பள்ளிக்கென்று ஓர் இடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஓர் இடம். கணக்கு சார் யார் பெயரை எழுதுகிறாரோ அந்தப் பிள்ளைக்கு. எனக்கு அது கிடைக்காவிட்டாலும் அம்மா எங்காவது சேர்த்துவிடுவாள். விடுதியில் தங்கிப் படித்த அவளுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

தாள் திருத்தி முடித்ததும் சார் எங்கள் இருவரையும் கரும்பலகைப் பக்கம் நிறுத்தினார். கெட்ட மனிதரல்ல. வகுப்பில் யாரையும் அடித்ததில்லை. எங்கள் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் நாலே வரி, இரண்டிலும் உச்சியில் ஒரு பெண்.

"நான் இப்டி நடத்தல. புக்குலயும் இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தி தான் யோசிச்சிருக்கணும். யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

அவர் அவளிடம் கேட்டார். "இந்த ரெண்டு பக்கமும் எப்டி சமம்? காரணம் சொல்லு."

"படத்துல அப்டி தான் சார் வருது."

"அதான் எப்டி வருது?"

அவள் கை கரும்பலகையை நோக்கிப் போனது. "போட்டுக் காட்டட்டா சார்?"

"போட்டது தான் இங்க இருக்குதே. வாயால சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுக்கு வார்த்தை வராது. அது வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஏனென்றால் அவளுடைய வார்த்தைகளையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். சார் என் பக்கம் திரும்பினார். ஒரு முக்கோணத்தின் வெளிக்கோணம் அதன் உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம் என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது.

அவருக்கு ஒரு விஷயம் தோன்றியிருந்தால் உண்மை பிடிபட்டிருக்கும். தரையில் நிற்கும் ஆளைத் தூக்கி உச்சியில் வைப்பது அடிவாரத்துப் பெண் செய்யக்கூடிய தப்பு அல்ல. பிறந்தது முதல் மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு உயரம் என்றால் நாம் கீழே நிற்கிறோம் என்றுதான் அர்த்தம். மேலே நின்று, கீழே பஸ் வருவதையும் ஊரையும் பார்த்து வளர்ந்தவளுக்குத்தான் அப்படிப் படம் வரும். அவரும் சமவெளிக்காரர், அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, அங்கேயே, அப்போதே. அவ தான் சார் எனக்குச் சொல்லிக் குடுத்தா என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் அத்தனை வாயாடும் நான் அங்கே வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன். பயம் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமில்லை. கீழே அந்தப் பள்ளியில் இருந்த ஒரே இடம் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்தார். காட்டுவழியே நடந்து வந்திருந்தார், வேட்டியின் ஓரமெல்லாம் செம்மண். இனிமேல் பார்த்து எழுத மாட்டேன் என்று அவளிடம் எழுதி வாங்கிய தாளில் கையெழுத்துப் போட்டார். "தெரியாம செஞ்சிடுச்சுங்க சார், இனிமே செய்யாதுங்க" என்றார். பிறகு என்னைக் காட்டி மகளிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடு."

அவள் கேட்டாள். நான் பரவாயில்லை என்றேன்.

இதை எழுதுகிற கையை என்ன செய்யலாம் என்று தெரியவில்லை. ஒரு பதினைந்து வயதுப் பெண், தன் படத்துக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. மலையிறங்கினேன். அவள் அங்கேயே வேறு பிரிவில் இரண்டு வருடம் படித்தாள், பிறகு கல்யாணமாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். நான் படித்தேன், மேலும் படித்தேன், வேலைக்கு வந்தேன். கரும்பலகை முன்னால் நின்ற முதல் நாளே என் கை தானாக ஆளைக் கோபுர உச்சியில் ஏற்றியது.

அந்த இணையப் பாராட்டுக்கெல்லாம் பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. இந்த வருடம் தை மாதம் மலைக்குப் போனேன். விசாரித்ததில் எளிதாகத் தெரிந்துவிட்டது. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறாள். நான் போனபோது ஒரு சரிவில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவில் நின்று, வரப்பு எப்படி வளைந்து போக வேண்டும் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வரும் பக்கமெல்லாம் அம்பு போட்டிருந்தாள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. எல்லாரும் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் புளிய மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க டீச்சர்" என்றாள் என்னைக் கண்டதும். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி, இப்டி இளச்சிட்ட?"

வீட்டுக்கு இட்டுக்கொண்டு போனாள். அவள் கணவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இவ தான் நான் சொல்வேன் இல்ல, போன்ல பாடம் எடுக்கறவ. எங்கூட படிச்சவ" என்று அவரிடம் அத்தனை பெருமையாகச் சொன்னாள். தேநீர் வந்தது. ஆறும்வரை காத்திருந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் சூட்டோடு சொல்லிவிட்டேன்.

"அந்த கோபுரப் படம் உன்னுது. நீ தான் எனக்குச் சொல்லிக் குடுத்த. அன்னிக்கி சார் கேட்டப்ப நான் வேணும்னே சொல்லாம இருந்துட்டேன்."

அவள் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஓங்கி ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொள்ளும் எண்ணத்தில்தான் போயிருந்தேன்.

"அது யாருதுன்னு எனக்கும் ரொம்ப நாள் கொழப்பமா தான் இருந்துச்சு. ஒண்ணா தான படிச்சோம். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். என்னுதா இருந்தா சார் கேட்டப்ப எனக்குச் சொல்ல வந்திருக்கும் இல்ல? உனக்கு தான கடகடன்னு வந்துச்சு."

இல்லை என்றேன். மறுபடியும் சொன்னேன். விடுதிக்குப் பின்னால் உட்கார்ந்த இடம், அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் சொன்ன சொற்கள், எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டுக் கணவரிடம் திரும்பினாள்.

"பாருங்க. எவ்ளோ படிச்சவ, எனக்கு வுட்டுக் குடுத்துப் பேசறா. அப்பவே இப்டி தான். நான் பாத்து எழுதினப்போ கூட ஒரு வார்த்த கோவமா பேசல."

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது.

சுவர் அலமாரியில் பள்ளிப் புத்தகங்கள் இருந்தன. மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அன்று பள்ளிக்குப் போயிருந்தாள். வேறு பேச்சு எதுவும் வராமல், கணக்கு எப்படிப் போடுகிறாள் என்று கேட்டேன்.

"நல்லா போடுவா. ஆனா எதுக்கெடுத்தாலும் நோட்டு பூரா படமா போட்டு வெச்சுனு இருந்தா. நான் தான் திட்டித் திட்டி நிறுத்தினேன். வாயால சொல்லத் தெரியலன்னா அது உன்னுது இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப போடறதே இல்ல."