கண்ணாடி மேல் வைத்த பொட்டு

மாமா துப்பாக்கிக்குக் கண்ணாடி மாட்டிய கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நானும் வெகுகாலம் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். வயசாகிவிட்டது, வேறென்ன.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். தெமோதரைப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போகவேண்டுமென்றால் மாட்டுவண்டி, அதுவும் இல்லாவிட்டால் நடை. அப்பா கங்காணி. அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா, தேயிலை நாற்றுமேடைக்குக் காவல். இளங்கன்றுகளை முயல்கள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகும். அவற்றைச் சுடுவதற்காகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, மாமாவிடம் ஒரு பழைய சின்னத் துப்பாக்கியைக் கொடுத்துவைத்திருந்தார். என் சுண்டுவிரல்கூட நுழையாத குழல் அதற்கு.

மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்றுமேடை ஓரத்தில் தகரம் போட்ட ஒற்றை அறையில் இருந்தார். அந்த அறையும் வேலையும் துப்பாக்கியோடு ஒட்டியவை. துப்பாக்கி கைவிட்டுப் போனால் மற்ற இரண்டும் போய்விடும். திருச்சிப் பக்கத்திலிருந்து தாய் தகப்பன் இல்லாமல் மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து வந்தபோது தங்கச்சியைத் தோளில் சுமந்து வந்தவர் அவர். அம்மா அவர் முன்னால் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

முன்பெல்லாம் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் அடிக்கடி முயல்கறி மணக்கும். அந்த வருஷம் வெடிச்சத்தம் மட்டும் கேட்டது, முயல் வரவில்லை. கன்றுகள் மேடை மேடையாக மொட்டையாயின. குழல் தேய்ந்துவிட்டது, தோட்டா நமுத்துவிட்டது என்று மாமா என்னென்னவோ சொன்னார். துரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் நாற்றுமேடைக்கு வருவார். அவர் கண்ணெதிரே குறி தப்பாமல் சுடவேண்டும். தப்பினால் துப்பாக்கி வேறு ஆளுக்கு.

அதற்குத்தான் மாமா பதுளைக்குப் போனார். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. ஊருக்குத் திரும்பிப்போன துரைமார் ஏலத்தில் விட்ட சாமான்களை வாங்கிக் குவித்துவைத்திருந்தார். குதிரைச் சேணத்துக்கும் உடைந்த மேசை விளக்குக்கும் நடுவிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை உருவி எடுத்தார். இரண்டு முனையிலும் கண்ணாடி. துப்பாக்கி மேல் மாட்டிப் பார்த்தால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் வருமாம்.

"இது சீமச் சாமான். கண்ணாடியில லேசா ஒரு கீறல் ஈக்கிது. அதனாலதான் இந்த வெலைக்குத் தாறேன்" என்றார் நானா.

மாமா அதை வெளியே கொண்டுவந்து தெருவைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் கையில் கொடுத்து, "குட்டி, நீ பாரு. என்ன தெரியுது சொல்லு" என்றார். தெருக்கோடியில் ஒரு கிழவர் காது குடைந்துகொண்டிருந்ததைச் சொன்னேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். மலிவான சரக்குதான், இருந்தாலும் அவருக்கு அது பெரிய காசு. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார்.

அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சும்மா விட்டாரா? "என்ன மச்சான், முயல் தூரத்துல இருக்குன்னு கண்ணாடியா? பக்கத்துல போயி காதைப் புடிச்சுத் தூக்கிட்டு வர்றதுதானே!" லயமே சிரித்தது. துரைமாதிரி ஆக ஆசைப்படுகிறார் என்று பெண்கள் குழாயடியில் கேலி பேசினார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மாட்டுவது லேசான காரியமாக இல்லை. அந்தத் துப்பாக்கி செய்த காலத்தில் கண்ணாடி மாட்டும் வழக்கமே இல்லையோ என்னவோ, பிடிப்புக்கு ஒரு துளைகூடக் கிடையாது. தேயிலை ஸ்டோரில் இயந்திரம் பார்க்கும் சிங்கள பாஸ், அதாவது மேஸ்திரி, பித்தளையில் இரண்டு வளையம் அடித்துக் குழலோடு திருகி இறுக்கிக் கொடுத்தார். ஒரு வளையம் கொஞ்சம் தாழ்ந்துபோனது. துப்பாக்கி வேலியைப் பார்த்தால் கண்ணாடி வானத்தைப் பார்த்தது. மாமா தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைக் கிழித்து, மடித்து, வளையத்துக்கு அடியில் சொருகினார். சொருகி முடித்ததும் துப்பாக்கியைக் கல்லில் அணைத்துவைத்து, பின்பக்கப் பூட்டைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"குழல் வழியா பாரு குட்டி. கோயில் கொடி தெரியுதா? சரி, இப்பக் கண்ணாடி வழியா பாரு. கொடி நடுவுல நிக்குதா?"

இல்லை என்பேன். இன்னொரு மடிப்பு ஈயத்தாள் போகும். சரியாக நிற்கிறது என்று நான் சொல்லும்வரை விடவில்லை. துரை தோட்டாவை அளந்துதான் கொடுப்பார், சுட்டுப் பார்க்க வழியில்லை. அத்தனை பெரிய மனுஷர் என் பேச்சை நம்புகிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தடவையாவது அவரே ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆயுத பூசையன்று தோட்டமெல்லாம் ஓய்வு. எங்கள் வீட்டுச் சுவரோரம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் அரிவாள்மனை எல்லாம் வரிசையாக இருந்தன. மாமாவும் துப்பாக்கியைக் கொண்டுவந்து சாத்தினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் இட்டாள். முகம் எதுவோ அங்கேதான் பொட்டு. கத்திக்கு அலகு முகம். துப்பாக்கிக்கு? புதிதாக வந்த கண்ணாடி வட்டமாக, முகம் மாதிரி எதிரே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேலேயே தாராளமாக அப்பிவிட்டாள். பூசை போட்ட ஆயுதத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. சந்தனம் நன்றாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அப்பா விடியும்போதே பெரட்டுக்கு, அதுதான் ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போய்விட்டார். மாமா வந்து கும்பிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. "ஐயையோ!" என்று முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு துடைக்க ஓடினாள். அதற்குள் மாமா வாசலில் நின்று கண்ணை வைத்துவிட்டார்.

"அடேயப்பா! என்னா வெளிச்சம்! நாத்துமேட வேலிக் குச்சி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது தங்கச்சி. இனி என்னைய யாரு அசைக்கிறது?"

அம்மா அப்படியே நின்றாள். "தெரியுதாண்ணே?" என்றாள்.

"பளிச்சுன்னு தெரியுது புள்ள."

அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிண்ணே, போங்க. நானும் வாறேன்" என்றாள். பொட்டு வைத்த மகிமையில்தான் மாமாவுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாற்றுமேடையில் துரை குதிரையோடு நின்றார். அப்பாவும் இன்னும் சில ஆட்களும் இருந்தார்கள். வேலிக் கம்பத்தில் ஒரு காலி பிஸ்கோத்து டப்பா. மாமா கால் அகட்டி நின்று அழகாகத் தோளில் அணைத்துச் சுட்டார். காக்கைகள் பறந்தன. டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

துரை வாயைத் திறப்பதற்குள் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப் போய் அவர் முன்னால் கும்பிட்டு நின்றாள். ஆண்கள் நடுவில் அவள் அப்படிப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"தொரை, எல்லாம் நான் செஞ்ச வேலைங்க. பூசைக்குக் கண்ணாடி மேலயே சந்தனத்தை அப்பிட்டேனுங்க. எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுங்க. இந்தக் கூறுகெட்டவளால வந்த வினைங்க."

துரை துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கங்காணி, உன் பொம்பள துப்பாக்கிக்குப் பொட்டு வச்சிது!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அம்மா முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. மாமா அந்தக் கண்ணாடியை எட்டி விரலால் தடவினார், காய்ந்த சந்தனம் விரலில் உதிர்ந்தது. பிறகு தங்கச்சியைப் பார்த்தார்.

துரை அப்போது குதிரையேறிப் போயிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். பாவம், நல்ல மனுஷன். தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார், வாயால் ஊதினார், பொட்டின் சுவடு இல்லாமல் துடைத்தார். தம் பையிலிருந்தே ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுத்தார். "இப்ப நல்லா தெரியும். இன்னொரு வாட்டி சுடு."

நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன்.

"இன்னைக்கு வேணாங்க தொரை, நேரஞ் சரியில்லைங்க" என்று அம்மா கெஞ்சினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமா நெடுநேரம் குறி பார்த்தார். அப்புறம் சுடாமலே துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை வெளியே எடுத்துத் துரையின் கையில் வைத்தார்.

"தோட்டா வீணாப் போயிருமுங்க" என்றார்.

அவ்வளவுதான். துப்பாக்கி வேறு ஆளுக்குப் போனது. வேலையிலிருந்து விடுவித்த பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு மாமா மூட்டையோடு மொனராகலைப் பக்கம் நடந்து போனார். அங்கே ரப்பர்த் தோட்டத்தில் தெரிந்தவர் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு சேதி வரவில்லை. ஐயோ, அந்தக் கண்ணோடு அந்தக் காட்டுப் பாதையில் எப்படித்தான் போனாரோ!

அன்றைக்கு லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். எல்லோரும் சிரித்ததால்தான் மாமாவுக்குக் கை ஓடவில்லை என்பது என் கட்சி.

"முந்தானைய எடுத்துக்கிட்டு ஓடுனியே, அப்பவே துடைச்சிருந்தா என்னா? மாமா மொதத் தடவையே அடிச்சிருப்பாருல்ல?"

அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"ஆமாடி. என் புத்தி புல்லு மேயப் போயிருச்சு" என்றாள்.

நான் அதை நம்பினேன். அம்மா இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தேன். அவளும் ஒவ்வொரு தடவையும் ஆமாடி என்றுதான் சொன்னாள்.