வேம்பார் கடற்கரையும் வலைக்கடியன் பாம்பும்

தூத்துக்குடியிலிருந்து கடலோரமாகவே வேம்பார் வரை போய்வரலாமா என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். போகலாம். நான் அங்கே போனது எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, பாம்பு தேடிப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பெண், சென்னையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. கடல் பாம்பின் விஷம் மனிதத் தசையை எப்படிச் சிதைக்கிறது என்பது என் ஆராய்ச்சி. கையிலிருந்த விஷத்தூள் தீர்ந்துபோனது. இனி உயிருள்ள பாம்பு கிடைத்தால்தான் வேலை நகரும். வேம்பார்ப் பக்கம் வலையில் நிறைய மாட்டுகிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

எழும்பூரில் மாலை ஏறினால் மறுநாள் காலை தூத்துக்குடி. மீட்டர்கேஜ் ரயில், கரித்தூள் கண்ணில் விழாமல் தூங்குவதே பெரிய பாடு. அங்கிருந்து வேம்பார் சுமார் ஐம்பது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வழியெல்லாம் உப்பளம். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும், ஜன்னலோரம் உட்கார ஆசைப்படாதீர்கள். என்னிடம் மூடி போட்ட பெரிய தகர டின் ஒன்று இருந்தது. எதற்கு என்று டிரைவர் கேட்டார், சொன்னேன்.

“எம்மா, இப்ப காலியாத்தான இருக்கு?” என்றார். “திரும்பி வாரப்ப வேற பஸ்ஸப் பாத்துக்கிடுங்க.”

தங்கியது ரொசாரி என்ற மீனவரின் வீட்டில். அவர் மனைவி ஜெசிந்தா என் வயதுக்காரி. ரொசாரியின் தம்பி மிக்கேலும் அவர்களோடு இருந்தார். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று நான் சொன்னதை ஜெசிந்தா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை என்று எத்தனையோ தரம் சொன்னேன்.

“எந்த டாக்டரா இருந்தா என்ன? வெசத்தப் பத்தித்தான படிக்கீய?” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் அதிகம் சிக்குவது வலைக்கடியன். மூக்கு சற்று வளைந்து, வால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். கரைவலை இழுக்கும்போது மீனோடு மீனாக வரும். ஆட்கள் வாலைப் பிடித்துத் தூரப் போடுவார்கள், யாரும் பெரிதாகப் பயந்து நான் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை ஏழு மணி இருக்கும். வலை கரையேறியது. ரொசாரி குனிந்து மீனை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கையை உதறினார். மீன் குவியலுக்குள்ளிருந்து பாம்பு வழுக்கி வந்தது. மிக்கேல் அதன் மேல் ஒரு பானையைக் கவிழ்த்தார்.

நான் ரொசாரியின் விரலைப் பார்த்தேன். ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள், வீக்கம் இல்லை. “முள்ளு குத்துன மாதிரிதான் இருக்கு” என்று சிரித்தார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். “வலி இருந்தால்லா போணும்?” என்று வீட்டுக்குப் போய்ப் பழையது சாப்பிட்டார். கெஞ்சினேன். சத்தம் போட்டும் பார்த்தேன். என்னை ஆறுதல்படுத்துவது போல, “பதறாதீய” என்றார்.

எட்டு மணிக்கு மேல் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு தொடை, தோள். தொட்டாலே அலறினார். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. மிக்கேல் ஓடிப்போய் ஒரு உப்பு லாரியை மறித்தார். மூட்டைகளின் மேல் ரொசாரியைக் கிடத்தி நாங்கள் மூவரும் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு ஊசி போடுங்க டாக்டரம்மா. ஒங்க பெட்டில இருக்கும்லா?”

“எங்கிட்ட மருந்து இல்ல ஜெசிந்தா.”

“வெசத்த எடுக்கத் தெரியும்னியளே, முறிக்கத் தெரியாதா?”

“தெரியாது” என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதினோரு மணி போலத் தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த இளம் டாக்டர் நல்லவர், ஓடி ஓடிப் பார்த்தார். பாம்புக்கடி மருந்துக் குப்பியை என்னிடம் காட்டி, “இது கேட்குமா?” என்றார். நல்ல பாம்பு, விரியன் வகைகளுக்குச் செய்த மருந்து அது. கேட்காது என்றேன்.

“அப்ப இதுக்கு மருந்தே கிடையாதா?”

“இருக்கு. ஆஸ்திரேலியாவுல.”

அவர் குப்பியைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

மத்தியானம் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் இறங்கியது. தசை கரைந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதன்பின் என்ன என்பதும் தெரியும். நான் படித்த வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக நடந்தது. அவ்வளவு வருடப் படிப்பு, வரப்போவதை மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குக் காட்டியது. வேறெதற்கும் உதவவில்லை. ரொசாரிக்கு இமை தூக்க முடியவில்லை, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. ஜெசிந்தா பேசப் பேச, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சிறுநீரகம் நின்றுபோனது. செயற்கையாக மூச்சு கொடுக்கும் கருவி அங்கே இல்லை. மறுநாள் பிற்பகல் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். மிக்கேல் பின்கட்டிலிருந்து பானையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே அந்தப் பாம்பு உயிரோடு இருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்து வீட்டார் அதைக் கடல்தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

“அடிச்சுக் கொல்லத்தான் நெனச்சேன். அண்ணி வேண்டாம்னுட்டாவ. கொண்டுபோங்க, மருந்து கண்டுபிடிங்க” என்றார்.

ஜெசிந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பாம்பு சென்னை வந்து சேர்ந்தது. விஷம் எடுத்தேன். காய்ந்த பிறகு அது ஒரு சிட்டிகை கூட இல்லை. ஆராய்ச்சி முடிந்தது, பட்டம் கிடைத்தது. முறிமருந்து செய்யக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து மருந்து பிரிக்க வேண்டும். அதற்கு ஏகப்பட்ட விஷமும் பெரிய ஆய்வுக்கூடமும் வேண்டும். மருந்துக் கம்பெனி, அரசாங்கம் என்று நான் தட்டிய கதவுகளில் எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்கள். வருடத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்டார்கள். கணக்கு யாரிடமும் இல்லை. கணக்கு இல்லாத சாவுக்கு மருந்து செய்ய யாரும் முன்வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கடற்கரைச் சாலையில் இப்போது பஸ் அடிக்கடி உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மணலில் நிற்க முடியாது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கரையில் பாம்பு செத்துக் கிடப்பது போல இருந்தாலும் தொடாதீர்கள். கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டி, வலி இல்லாவிட்டாலும் செயற்கை மூச்சுக் கருவியும் டயாலிசிஸும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். இன்று பலர் பிழைப்பது அப்படித்தான். எனக்குத் தெரிந்தவரை, கடல் பாம்புக்கென்று முறிமருந்து நம் நாட்டில் இன்னும் தயாராகவில்லை.

பட்டம் வாங்கியபின் ஒரே ஒரு தரம் வேம்பார் போனேன். ஜெசிந்தா கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“மருந்து வந்துட்டுதா?”

“இல்ல.”

திரும்பிப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள், மீன் நடுத்துண்டு எனக்கு வைத்தாள். பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் சொன்னாள்.

“இனி வராதீய டாக்டரம்மா. கோவத்துல சொல்லல. ஒங்க தலையத் தூரத்துல பாத்ததும் மருந்தக் கொண்டுவந்துட்டாவன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது. அப்புறம் அவரு இன்னொரு தரம் செத்துப்போறாரு.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அதன் பிறகு நான் வேம்பார் போகவில்லை.