பால்ரின்னில் கட்டிய அமிலத் தொழிற்சாலை

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ஊரில் பாதிப்பேர் காட்டுப்பக்கம் ஓடினார்கள். நான் ஓடவில்லை. இதை வீரம் என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் சீனன்குடா முகாமில் எனக்குக் களஞ்சிய எழுத்தர் வேலை, லீவு தரவில்லை. நடுக்கத்தை மறக்க வேண்டி, சீமைக்குப் புறப்பட்ட ஒரு துரையின் ஏலத்தில் எடுத்த, சாவி முறுக்கினால் ஓடும் பொம்மை ரயிலை முன்னறைப் பலகையில் ஓடவிட்டேன். ரயில் சும்மா சுற்றினால் அழகில்லை. அது போய்ச் சரக்கு ஏற்றிவர ஒரு கந்தக அமிலத் தொழிற்சாலை வேண்டும் என்று தோன்றியது.

அப்படியொன்றை நான் கண்ணால் கண்டதில்லை. பழைய சஞ்சிகையில் மங்கலான ஒரு படம், அவ்வளவுதான். கட்டிப்பால் வந்த தகர டப்பாக்களான வெற்றுப் பால்ரின்களுக்கு வெள்ளை பூசி, தண்டவாளத்தின் ஓரமாக வச்சிரப் பசையால் ஒட்டினேன். குடைக்கம்பிகள் குழாய்களாயின. கந்தகக் குவியலுக்குக் குசினி மஞ்சள்தூள்.

“இஞ்சாருங்கோ, சொதிக்கு மஞ்சள் இல்லை. உங்கட பக்டரி திண்டுட்டுது,” என்றாள் மனைவி.

ஒரு காலையில் வாசலில் லொறி நின்றது. வீடு வீடாகச் சோதனை. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயும், மொழிபெயர்க்க நம்மூர்ப் பொலிஸ்காரர் ஒருவரும் உள்ளே வந்தார்கள். அவர்களோடு சேர்ந்துதான் என் தொழிற்சாலையை நானும் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். வட்ட வட்டமாய், பெரிய தொட்டி போல வெள்ளைத் தாங்கிகள், பக்கத்தில் ரயில் பாதை. தினமும் வேலைக்குப் போகையில் பார்க்கும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை என் கை தன்பாட்டில் கட்டி வைத்திருந்தது! அந்த இடத்தைப் படம் கீறினாலே உளவாளி என்று பிடிப்பார்கள். நான் குழாய் சகிதம் கட்டியிருந்தேன்.

“இது என்ன ஐயா?” என்றார் பொலிஸ்காரர்.

“தாங்கி இல்லை!” என்றேன். தாங்கி என்று அவர் சொல்லவேயில்லை.

“பிறகு?”

“பால்ரின் ஐயா! சத்தியமா பால்ரின். வேணுமெண்டா சுரண்டிப் பாருங்கோ!” அவருக்கு என் மகன் வயதிருக்கும். பயத்தில் ஐயா என்றுவிட்டேன்.

அவர் சிப்பாயிடம் ஏதோ சொன்னார். இருவர் முகமும் மாறியது.

“முகாம் களஞ்சியத்தில பால்ரின் களவு போகுது. அதைத் தேடித்தான் வந்தனாங்கள். நீங்கள் எங்க வேலை?”

“களஞ்சியத்தில,” என்றேன். குரல் எலிக்குரலாக வந்தது.

“வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்க உங்களுக்கு ஏலாதே?” என்றாள் மனைவி, குசினி வாசலில் நின்று. “தம்பி, அதெல்லாம் தேத்தண்ணிக்கடையில எறிஞ்ச ரின்.”

“எங்கட ரின் எண்டா அடியில அரசாங்க முத்திரையா அம்புக்குறி இருக்கும் அம்மா. ஐயா, ஒவ்வொண்டாக் கழட்டிக் காட்டுங்கோ.”

கழற்றினேன். ஒவ்வொரு ரின்னும் பலகையை விடும்போது என் உயிரும் கொஞ்சம் விட்டது. அம்பு இல்லை. அடுத்ததிலும் இல்லை. கடைசி ரின்னின் அடியில் துரு. பொலிஸ்காரர் நகத்தால் சுரண்டச் சுரண்ட, நினைவுக்கு வந்த தெய்வங்களுக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன். அதிலும் அம்பு இல்லை.

மூச்சு விட்டபடி பலகையைப் பார்த்தேன். விட்ட மூச்சு திரும்பி வந்தது. ரின்கள் போன இடமெல்லாம் பசை வட்டங்கள். பக்கத்தில் வளைந்து போகும் தண்டவாளம். இவ்வளவு நேரமும் விளையாட்டுச் சாமானாக இருந்தது, இப்போது அசல் வரைபடம்! அதுவும் என் கையாலேயே, அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே. சிப்பாய் குனியத் தொடங்கினான்.

நான் போய் வட்டங்களின் மேல் தொப்பென்று குந்திவிட்டேன். ரயில் எஞ்சின் எங்கே குத்தியது என்று சபையில் சொல்ல ஏலாது.

“என்ன ஐயா, தலைச்சுத்தோ?”

“ஓம், ஓம். பெரிய சுத்து.”

சிப்பாய் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். பைத்தியம் என்றுதான் இருக்கும். வேறு எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. லொறி அடுத்த வீட்டுப் பக்கம் நகர்ந்தது.

“போயிட்டினம். எழும்புங்கோ,” என்றாள் மனைவி.

“ஏலாது.”

“வச்சிரம் ஒட்டிட்டுதோ?”

வச்சிரம் எப்போதோ காய்ந்திருந்தது. முழங்கால்தான் என் பேச்சைக் கேட்கவில்லை.